கஞ்சா புகைக்கும் மாலைக்கு எந்த வகை இசை ஒத்துவரும்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். டொராண்டோவில் இருக்கிறீர்கள், வயது 31. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நாலைந்து நண்பர்கள் வீட்டுக்கு வருவார்கள். உரிமம் பெற்ற கடையில் வாங்கிய கஞ்சாவைப் புகைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பீர்கள். போன முறை ரெக்கே என்ற ஜமைக்க இசை, லோ-ஃபை என்ற மெதுவான ஹிப்ஹாப், பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழு, இளையராஜா எல்லாம் கலந்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு பட்டியல் போட்டீர்கள். ஒரு மணி நேரம் ஆவதற்குள் ஒருவருக்குப் படபடப்பு வந்து, பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டார். "எந்த வகை இசைதான் சரி?" என்று கேட்கிறீர்கள். எனக்கு இதில் இரண்டு கேள்வி தெரிகிறது. ஆசுவாசமாக இருக்க எதைப் போடலாம் என்பது ஒன்று. அந்த நண்பருக்கு அப்படி ஆனதில் உங்கள் பட்டியலுக்கும் பங்கு உண்டா என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். பதில்: பங்கு இருந்திருக்கலாம், ஆனால் வகையால் அல்ல.

நான் ஒலிக்கலவை செய்து பிழைப்பவன். பகலில் ஸ்டூடியோ, பல வருடம் வார இறுதி இரவுகளில் சின்னச் சின்ன இடங்களில் இசைத்தட்டு ஓட்டினேன், பெரும்பாலும் ஜமைக்க இசை. கனடாவில் 2018 அக்டோபர் 17 அன்று கஞ்சா சட்டப்படியானதற்கு முன்னும் பின்னும், புகைத்துவிட்டுப் பாட்டுக் கேட்பவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். நானும் கேட்டிருக்கிறேன். மருத்துவன் இல்லை. நான் பார்த்தவர்கள் எல்லாம் விரும்பி வந்தவர்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். அந்த ஒருபக்கச் சாய்வு என் அனுபவத்தில் இருக்கிறது என்பதை வைத்துக்கொண்டே படியுங்கள். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி: அங்கே 1985ஆம் வருடச் சட்டப்படி இது குற்றம். கீழே எழுதுவதெல்லாம் சட்டம் அனுமதிக்கும் ஊரில், வயது வந்தவர்களுக்கு. ஒன்டாரியோவில் அது 19.

முதலில், காது என்ன ஆகிறது என்று பார்ப்போம். உறுதியாகச் சொல்லக்கூடியது, நேரம் நீள்கிறது. நாலு நிமிடப் பாட்டு அதைவிட நீளமாக ஓடியதாகத் தோன்றும். அதனால் ஒரு பாட்டின் ஒவ்வொரு மூலைக்கும் போய்வர நேரம் கிடைக்கிறது. வழக்கமாகக் கவனிக்காத பின்னணி கிட்டார் திடீரென்று முன்னால் வந்து நிற்கும். புகைப்பவர்கள் "இசை நன்றாகக் கேட்கிறது" என்று சொல்வதில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். இதயத் துடிப்பு வேகமாவதும் உறுதி, அதுவும் சில நிமிடங்களுக்குள். இசையின் இன்பம் உண்மையிலேயே கூடுகிறதா என்றால், அங்கேதான் சந்தேகம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், கஞ்சா எடுத்தவர்களை ஸ்கேனில் வைத்துப் பாட்டுப் போட்டார்கள். டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) மட்டும் அதிகமாக இருந்த கஞ்சாவில், இன்பத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகள் இசைக்குக் குறைவாகவே எதிர்வினை காட்டின. போதை தராத சிபிடி என்ற பொருளும் சேர்ந்திருந்த கஞ்சாவில் அந்த மந்தம் தெரியவில்லை. இரண்டிலுமே "பாட்டுக் கேட்க வேண்டும்" என்ற ஆசை மட்டும் கூடியது. ஆசை கூடுகிறது, அனுபவிக்கும் இடம் மந்தமாகிறது! ஆனால் ஆய்வில் இருந்தது 16 பேர்தான். இதை வைத்து யாரும் சத்தியம் செய்ய வேண்டாம். என் கண்ணில் பட்டதோடு ஒத்துப்போகிறது, அவ்வளவே: நிறையப் புகைத்தவர்கள் பாட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், எதையும் முழுதாகக் கேட்கமாட்டார்கள்.

நேரம் நீண்டு, துடிப்பு கூடி, கவனம் சின்ன விஷயத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒருவருக்கு எது ஆகாது? எதிர்பாராத திருப்பம். உங்கள் பட்டியலில் பிங்க் ஃபிளாய்டின் எது இருந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. பெரும்பாலும் எல்லாரும் போடுவது 1973இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. புகைப்பவர்களின் வேதம் என்று பெயர் வாங்கிய ஆல்பம் அது. ஆனால் அதன் முதல் எட்டு நிமிடத்தில் என்னென்ன இருக்கிறது என்று நிதானத்தில் கேட்டுப் பாருங்கள்: இதயத் துடிப்பு ஒலி, அலறல், ஓடும் காலடி, ஒரு வெடிச்சத்தம், கடைசியில் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலாரம் அடிக்கும். அருமையான ஒலிப்பதிவுதான், நான் பாடமாகவே படித்தேன். தன் நெஞ்சு துடிப்பதை ஏற்கெனவே கவனிக்க ஆரம்பித்துவிட்ட மனிதருக்கு அதைப் போடுவது வம்பு. இப்படி வகையின் பெயர் நம்மை ஏமாற்றும் இடம் நிறைய. லோ-ஃபைக்கு மூலபுருஷர்களில் ஒருவர் என்று ஹிப்ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லாவைச் சொல்வார்கள். அவருடைய 2006ஆம் வருட 'டோனட்ஸ்' ஆல்பத்தில் சுமார் 43 நிமிடத்துக்குள் 31 துண்டுகள், நடுநடுவே சைரன். மேதையின் வேலை, ஆனால் சாய்ந்து உட்கார விடாது.

அதனால் நான் வகை பார்ப்பதில்லை, நாலு விஷயம் பார்ப்பேன்: வேகம், திடீர்த்தனம், சொற்கள், அடர்த்தி. வேகத்துக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. 2006இல் இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்து மருத்துவர் ஒருவரும் குழுவினரும் 24 பேருக்கு ஆறு விதமான இசையைப் போட்டு மூச்சையும் துடிப்பையும் அளந்தார்கள். வேகம் கூடினால் மூச்சும் துடிப்பும் கூடின. எந்த வகை, பிடித்ததா பிடிக்காததா என்பது அவ்வளவாகப் பொருட்படவில்லை. மெதுவான ஒரு இந்திய ராகத்துக்குத் துடிப்பு குறைந்தது. இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. நடுவில் இரண்டு நிமிடம் எதுவும் போடாமல் விட்டபோது, அளவுகள் தொடக்கத்தில் இருந்ததைவிடக் கீழே இறங்கின. அவர்கள் யாரும் கஞ்சா எடுத்தவர்கள் அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், மூன்று மணி நேரப் பட்டியலில் ஒரு நொடிகூட இடைவெளி விடாமல் அடுக்கும் பழக்கத்தை நான் விட்டதற்கு இதுதான் காரணம்.

சரி, இப்போது ரெக்கே. கஞ்சா என்றால் ரெக்கே என்று எல்லாரும் போடுகிறார்கள், ஆனால் அதில் எது என்று யோசிப்பதில்லை. ஜமைக்காவில் இந்தச் செடிக்கு 'கஞ்சா' என்றே பெயர். அந்தச் சொல் நம் ஊர்ப்பக்கத்திலிருந்து போனது: 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கொண்டுபோனது. ஜமைக்காவின் ரஸ்தஃபாரி மதத்தவர்களுக்கு அது பூஜைப் பொருள் மாதிரி, பொழுதுபோக்கு இல்லை. அவர்கள் இசையின் வேரில் இருப்பது நயபிங்கி முழவு; நெஞ்சுத் துடிப்பு மாதிரி இரண்டு இரண்டாக விழும், மெதுவாக, மணிக்கணக்கில். ஆனால் 70களின் ரூட்ஸ் ரெக்கேயில் பாடப்படுவது அடிமைத்தனமும் பசியும் போலீஸ் அடியும். ஆங்கிலம் புரியும் ஒருவருக்கு, கவனம் வரிகளில் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில், அது ஆசுவாசம் தரும் என்று சொல்ல முடியாது. தரவும் கூடாது என்று அந்தப் பாடகர்களே சொல்வார்கள்.

நான் போடுவது டப். கிங்ஸ்டனில் கிங் டப்பி என்று ஒருவர் இருந்தார், தொழிலில் மின்கருவி ரிப்பேர்காரர். 70களின் தொடக்கத்தில், ஏற்கெனவே பதிவான பாட்டை எடுத்துப் பாடகரின் குரலை இறக்கிவிட்டு, டிரம்ஸையும் பேஸையும் மட்டும் விட்டுவைத்து, எப்போதாவது ஒரு கிட்டார் வெட்டை எதிரொலியில் மிதக்கவிட்டார். கலவை மேசையே வாத்தியம் ஆனது. என் தொழிலுக்கு அவர் குலதெய்வம் என்று சொன்னால் மிகை இல்லை. டப் ஏன் பொருந்துகிறது என்றால், அதில் இடம் இருக்கிறது. ரெக்கேயின் 'ஒன் டிராப்' தாளத்தில் முதல் அடி காலியாக விடப்படும், அழுத்தம் மூன்றாவதில் விழும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மூச்சு விடுகிற இடம் கிடைக்கிறது. நீண்டுபோன நேரத்தில் அந்த வெற்றிடம் நடு முற்றம் மாதிரி. பேஸ் திரும்பத் திரும்ப ஒரே வரியைச் சொல்லும், அதனால் வழி தவறாது. அகஸ்டஸ் பாப்லோ மெலோடிகா (வாயால் ஊதி வாசிக்கும் சின்ன கீபோர்டு) ஊத, டப்பி கலந்த பதிவுகளில் தொடங்குங்கள். 1976இல் வந்த அவர்கள் கூட்டு ஆல்பம் எளிதாகக் கிடைக்கும். ஆனால் இங்கேயும் பள்ளம் உண்டு. சில டப் பதிவுகளில் ஸ்னேர் டிரம் அடி திடீரென்று எதிரொலியோடு பட்டாசு மாதிரி வெடிக்கும். சைரனும் இடியும்கூட உண்டு. நீங்கள் போடப்போகும் ஒவ்வொன்றையும் முன்பே முழுதாகக் கேளுங்கள், நிதானத்தில். டொராண்டோவில் இருப்பவர் என்பதால் இன்னொரு பெயர்: ஜாக்கி மிட்டூ. ரெக்கேக்கு முந்தைய ஸ்கா காலத்திலிருந்தே ஜமைக்க இசையின் பெரிய ஆர்கன் வாசிப்பாளர். 60களின் கடைசியில் இந்த ஊருக்கே குடிவந்து, 1990இல் இங்கேயே இறந்தார். ஆர்கன், மெதுவான தாளம், வார்த்தை கிடையாது. ஜமைக்கக்காரர்கள் கூடும் எக்லிண்டன் மேற்கில் இன்றும் அவர் பெயரைச் சொன்னால் ஒரு அரை மணி நேரப் பேச்சுக்கு ஆள் கிடைக்கும்.

மற்ற வகைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். லோ-ஃபை ஹிப்ஹாப் நிமிடத்துக்கு 70 முதல் 90 அடி வேகத்தில் இருப்பதால் பாதுகாப்பானது. ஜப்பானிய நுஜாபெஸ் மாதிரி சிலரைத் தவிர அரை மணி நேரத்தில் சலிப்பு தட்டும், இருபதாவது துண்டுக்கும் மூன்றாவதற்கும் வித்தியாசம் தெரியாது. பேச்சுக்குப் பின்னணி என்றால் அதுவே வசதி. ஜாஸில் மெதுவானவை மட்டும். லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் காலத்திலிருந்து ஜாஸுக்கும் கஞ்சாவுக்கும் உறவு உண்டு, அதற்காக பீபாப் என்ற வேகமான ஜாஸைப் போட்டால் யாரோ துரத்துகிற மாதிரி இருக்கும். பிரேசிலின் போசா நோவா நல்லது. காதருகே முணுமுணுக்கும் குரல், புரியாத போர்த்துகீசியம். மொழி புரியாதது இங்கே பெரிய சௌகரியம். எத்தியோப்பிய ஜாஸை நம் ஆட்கள் அதிகம் கேட்பதில்லை, அது எனக்கு வருத்தம். முலாட்டு அஸ்டாட்கேயின் வைப்ரஃபோனை ஒருமுறை போட்டுப் பாருங்கள். அங்கே 'டிசிட்டா' என்று ஒரு சுர அமைப்பு. அதன் மேஜர் வடிவத்தில் வருவது நம் மோகனத்தின் அதே ஐந்து சுரம். முதல்முறை கேட்பவருக்கும் ஊர்ப் பழக்கம் மாதிரி இருக்கும். ஆம்பியன்ட் என்ற, சூழலில் மிதக்கும் பின்னணி இசை பற்றி நான் பலரோடு முரண்படுகிறேன். பிரையன் ஈனோ 1978இல் விமான நிலையத்துக்கென்று செய்த இசை எனக்கு உயிர். ஆனால் அதில் தாளம் இல்லை. போதை உச்சத்தில், ஏற்கெனவே தரை நழுவுகிற மாதிரி இருப்பவருக்குக் காலூன்ற ஒரு அடி வேண்டும். ஆம்பியன்ட்டை இறங்கும் நேரத்துக்கு வையுங்கள்.

இளையராஜாவுக்கு வருவோம், இதில்தான் நண்பர்களோடு சண்டை வரும். அவர் பாட்டுகளைக் கலவை செய்பவன் காதோடு கேட்டால் பிரமிப்பு தீராது. பேஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும், முதல் இடையிசை ஒரு ஊர், இரண்டாவது இடையிசை வேறு ஊர். அதுவே சிக்கல். நாலரை நிமிடத்தில் ஏழெட்டு முறை காட்சி மாறுகிறது, அடர்த்தி அதிகம். அதோடு தாய்மொழி. தாய்மொழி வரியைக் காது சத்தமாக மட்டும் எடுத்துக்கொள்ளாது, அர்த்தத்தோடுதான் எடுக்கும். படம் ஞாபகம் வரும், படம் பார்த்த வயது, அப்போது கூட இருந்தவர், இப்போது அவர் எங்கே என்று போய்க்கொண்டே இருக்கும். சிலருக்கு அது சுகம். சிலருக்கு, முக்கியமாக ஊரைவிட்டு வந்து அம்மா அப்பாவைப் பார்த்து மூன்று நாலு வருடம் ஆனவர்களுக்கு, அது தொண்டையை அடைக்கும். நான் இந்தப் பாட்டுகளைத் தடை செய்யவில்லை. கடைசி முக்கால் மணி நேரத்துக்குத் தள்ளி வைக்கிறேன். எல்லாரும் பசியோடு சமையலறையில் நிற்கும் நேரம், பாடத் தோன்றும் நேரம்.

கர்நாடக சங்கீதத்தில் வீணையிலோ புல்லாங்குழலிலோ நிதானமான ஆலாபனை மிகப் பொருத்தமாக இருக்கும் என்று எழுதத்தான் நினைத்தேன், இசையளவில் அது உண்மையும்கூட. ஆனால் ஒருமுறை அப்படிப் போட்டபோது ஒரு நண்பர் நெளிந்துகொண்டே இருந்தார். கேட்டால், "எங்க வீட்ல இது பூஜை ரூம் சத்தம்டா, பாட்டி பாக்கற மாதிரி இருக்கு" என்றார். குற்ற உணர்ச்சிதான் படபடப்புக்கு நல்ல எரிபொருள். அதனால் யார் வருகிறார்கள் என்று பார்த்துப் போடுங்கள். பக்திப் பாட்டு வேண்டவே வேண்டாம்.

அடுக்குவதற்கு ஒரு கணக்கு. புகைத்தால் சில நிமிடத்தில் ஏற ஆரம்பித்து, சுமார் அரை மணியில் உச்சம், இரண்டு மூன்று மணி நேரத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆகவே தொடக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த, தாளமுள்ள, கொஞ்சம் கலகலப்பானது. இருபதாவது நிமிடத்திலிருந்து ஒன்றேகால் மணி வரை டப், மிட்டூ, எத்தியோப்பிய ஜாஸ் மாதிரி சொல்லில்லாதது, புதிதாக எதையும் பரிசோதிக்காமல். அங்கே ஒரு இடத்தில் இரண்டு நிமிட மௌனம். வெறும் மௌனக் கோப்பு ஒன்றைப் பட்டியலில் சேர்த்துவிடலாம். அப்புறம் போசா, மெதுவான ஜாஸ், கடைசியில் நம் பாட்டு. கம்மி (கஞ்சா கலந்த ஜெல்லி மிட்டாய்) மாதிரி தின்பண்டமாக எடுத்தால் இந்தக் கணக்கெல்லாம் உடைந்துவிடும். அது ஏறவே அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும், நீண்ட நேரம் நிற்கும். ஏறவில்லையே என்று இன்னொன்றைத் தின்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். கடைகளில் கஞ்சாவை இண்டிகா, சட்டிவா என்று இரண்டு வகையாகப் பிரித்து, "இண்டிகாவுக்கு ஜாஸ், சட்டிவாவுக்கு ஃபங்க்" என்று அட்டை வைத்திருப்பார்கள். அது விற்பனைப் பேச்சு. அந்த இரண்டு பெயரை வைத்து என்ன விளைவு வரும் என்று நம்பிச் சொல்லவே முடியாதபோது, இசைப் பொருத்தம் எங்கிருந்து வரும்?

தொழில் சம்பந்தமாகச் சில சின்ன விஷயம், இவைதான் பெரும்பாலான இரவுகளைக் கெடுக்கின்றன. ஷஃபிளை அணைத்து வையுங்கள். என் கணினியில் ஒருமுறை பட்டியல் முடிந்ததும் அது தானாகப் பக்கத்துக் கோப்புறைக்குத் தாவியது. அதில் நான் கலவை செய்துகொண்டிருந்த ஒரு கல்யாண வீடியோவின் ஒலி. டப் ஓய்ந்த அமைதியில் கெட்டிமேளம் முழங்கியது. ஒருவர் சோபாவிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். அட்சதை போடத்தான் எழுந்தார் என்று இன்றும் கிண்டல் செய்கிறோம். அன்று சிரிப்பாகப் போயிற்று, எல்லா இரவும் அப்படிப் போகாது. விளம்பரம் வரும் இலவசக் கணக்கில் ஓட்டாதீர்கள். 70களின் பதிவுகளும் இன்றைய பதிவுகளும் ஒரே சத்த அளவில் இருக்காது. செயலியில் ஒலி அளவைச் சமன்செய்யும் அமைப்பு இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்தவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிந்தால் அளவு சரி. டப்பை மட்டும் கைபேசி ஸ்பீக்கரில் போடாதீர்கள். பேஸ் இல்லாத டப் உப்பில்லாத சாம்பாரைவிட மோசம்.

அந்த நண்பர் விஷயம். உண்மையைச் சொன்னால், படபடப்புக்குப் பாட்டைவிட அளவுதான் பெரிய காரணமாக இருந்திருக்கும். சிகாகோவில் 2017இல் 42 பேரை வைத்துச் செய்த ஆய்வில், 7.5 மில்லிகிராம் டிஎச்சி மன அழுத்தத்தைக் குறைத்தது, 12.5 மில்லிகிராம் மனநிலையைக் கெடுத்தது. அவர்கள் மாத்திரையாகக் கொடுத்தார்கள், புகைக்கு அதே எண் பொருந்தாது. ஆனால் கொஞ்சம் கூடினாலே திசை மாறுகிறது என்பது பொருந்தும். பாட்டு, வழுக்குகிறவரைத் தள்ளிவிடலாம், அல்லது கைப்பிடியாக இருக்கலாம். அவர் நிறுத்தச் சொன்னதும் நிறுத்தினீர்களே, அது சரி. விளக்கைக் கொஞ்சம் கூட்டுங்கள், தண்ணீர் கொடுங்கள், "கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும்" என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். நெஞ்சுவலி, மயக்கம், பிதற்றல் என்றால் யோசிக்காமல் அவசர எண் 911. மனநோய் குடும்பத்தில் இருப்பவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் எந்தப் பட்டியலும் இதைப் பாதுகாப்பானதாக ஆக்காது. அவர்கள் புகைக்காமல் பாட்டு மட்டும் கேட்கட்டும்.

அடுத்த முறை அவர் வந்தால், யாரும் எதையும் பற்றவைப்பதற்கு முன்னால் அவரிடம் மூன்று பாட்டுக் கேட்டு வாங்கிவிடுங்கள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த, எங்கே என்ன வரும் என்று யோசிக்கவே தேவையில்லாத மூன்று. ஒன்று கானாவாக இருக்கலாம், ஒன்று சீரியல் தலைப்புப் பாட்டாகக்கூட இருக்கலாம், முகம் சுளிக்காதீர்கள். அதைத் தனிப் பட்டியலாக வைத்து, உங்கள் கைபேசியின் முதல் பக்கத்திலேயே ஒரே தொடுதலில் கிடைக்கிற மாதிரி வையுங்கள்.